படித்துக்கொண்டே எழுதச் சொன்னாள்

மருமகள் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தபோது, கையைக் கழுவிக்கொண்டு வரவா என்றுதான் முதலில் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை. அவள் தன் துப்பட்டாவிலேயே என் விரல்களைத் துடைத்துவிட்டாள்.

"உக்காருங்க அத்தே. நான் முன்ரூம்ல இருந்து அடிப்பேன், நீங்க இங்கேருந்து அடிக்கணும். அவ்ளோதான்."

"இன்னாமா அடிக்கறது?"

"லாரி வந்திருக்குனு அடிங்க. நம்பர் போடுங்க. நீங்கதான் கேட் வாட்ச்மேன்."

நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். தமிழ் படிப்பேன், எழுதுவேன், மெதுவாக. எனக்காக அவள் ஒவ்வொரு பட்டன் மேலும் வெள்ளைத் தாளில் தமிழ் எழுத்தை எழுதி, கத்தரித்து, ஒட்டி வைத்திருந்தாள். அது அவளுடைய தம்பியின் லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். முன்ரூமில் அவள் வைத்திருந்தது அவளுடைய பழைய லேப்டாப், கல்யாணத்துக்கு முன்பு வேலைக்குப் போனபோது வாங்கியது.

குழந்தை பிறந்தபோது விட்ட வேலை. பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு திரும்பவும் தேடினாள். போன இடத்தில் எல்லாம், நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளை வளர்த்தேன் என்பாள். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும், போன காரியம் ஆகவில்லை என்று.

என் மகன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். கெட்டவன் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் சொன்னான்: "இதான் கடைசி. இதுவும் வரலனா உட்டுடு. தெனம் நீ அழுவறத பாத்துகினு என்னால வேலைக்குப் போவ முடியல." அவள் சரி என்றாள். சொல்லிவிட்டு அவன் தட்டில் ரசம் ஊற்றினாள்.

அவன் இது என்றது ஒரு சோதனை வேலை. அம்பத்தூரில் சின்னதாக ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர், ஒன்று செய்துகொடு, நன்றாக இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து வேலை என்று சொல்லியிருந்தார். நசரத்பேட்டையில் ஒரு பெரிய குடோன். கேட்டுக்கும் உள்ளே ஆபீசுக்கும் நடுவில் நீளமான மைதானம். லாரி வந்தால் கேட்டிலிருந்து நம்பரைச் சொல்ல வேண்டும், ஆபீசிலிருந்து எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். கத்திச் சொல்வதும் போனில் சொல்வதும் தப்பாகிறது, பெங்களூர் ரோட்டில் லாரி வரிசை கட்டி நிற்கிறது என்று குடோன் முதலாளி இவரிடம் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் எழுதிக் காட்டிக்கொள்ள ஒரு ஏற்பாடு வேண்டும். அதைத்தான் இவள் செய்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு பைப்பு மாரி அத்தே. ரெண்டு முனையிலயும் ஒரு வாய். சாக்கெட்னு பேரு. அது வழியா படிக்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம்."

நான் சுவரில் இருந்த பிளக் பாயிண்டைப் பார்த்தேன். அது இல்லை அத்தே என்று சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

நான் ஒரு வரி அடித்து அனுப்பினால், அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டேன் என்று தானாகவே ஒரு பச்சைப் புள்ளி வரும். புள்ளி வந்த பிறகுதான் அடுத்த வேலைக்கு விடும். லாரி நம்பர் தொலைந்துபோகக் கூடாது என்று அப்படி வைத்திருந்தாள். நான் நம்பரை அடித்தேன். புள்ளி வந்தது. முன்ரூமிலிருந்து அவள் அடித்தது வந்தது: மூணாவது கதவு. கையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்து, இன்னும் ஏதாவது வருமோ என்று பார்த்து, பிறகு சரி என்று அடித்தேன். அதற்கும் புள்ளி வந்தது.

நான் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதும் வகுப்பில், வாத்தியார் வாக்கியத்தை முடிக்கும் வரை பலப்பம் பலகை மேல் கிடக்க வேண்டும். அவர் பேசும்போதே எழுதினால் முட்டியில் அடி விழும். அது உடம்பில் ஏறிவிட்டது. போனில்கூட எதிராளி மூச்சு வாங்கும் வரை நான் வாய் திறப்பதில்லை. என் தங்கை அந்தப் பக்கத்திலிருந்து, "லைன்ல கீறியா, பூட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அன்று பகல் முழுக்க அடித்தோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவள் ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியா போவுது அத்தே," என்றாள். கீரை வாடிப்போயிருந்தது. பரவாயில்லை என்று அதையே கடைந்தேன்.

மறுநாள் காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், "நீங்களும் வாங்க," என்றாள். குடோனில் அவள் ஆபீஸ் ரூமில், வேலை தருவதாகச் சொன்ன சார் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டில் வாட்ச்மேனுக்குக் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். தெரியாத ஆம்பிளையோடு ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பழக்கமில்லை எனக்கு. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது. ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வரை ஒரு லேப்டாப்பை மடியில் தயிர்ச் சட்டி மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். அங்கிருந்து வேன் மாறினோம். வழி நெடுக அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாரிடம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட் பக்கத்தில் தகரக் கூண்டு. உள்ளே கழுத்தில் துண்டு போட்ட வாட்ச்மேன். என்னை விட வயசில் சின்னவர்தான், ஆனாலும் ஆயா என்றார்.

"யாரு ஆயா நீ? யாருக்கு சாப்பாடு எடுத்தாந்தே?"

"சாப்பாடு இல்ல. கம்ப்யூட்டர்."

அவர் பையைத் திறந்து பார்த்தார். எழுத்து ஒட்டிய பட்டன்களைப் பார்த்துவிட்டு, "இன்னாது, இதுக்கு எங்கனா அடிபட்ட்ச்சா? ஒடம்பு பூரா பிளாஸ்திரி போட்டு எடுத்தாந்துக்கீறீங்க," என்றார். லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

முதல் லாரி வந்தது. நம்பரை அடித்தேன். புள்ளி. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஆபீசிலிருந்து மருமகள் கதவு நம்பரை அனுப்பினாள். கையை மடியில் வைத்துப் படித்தேன். சரி என்று அடித்தேன். புள்ளி. லாரி உள்ளே போனது. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி வழியாக அவளும், பக்கத்தில் சாரும் தெரிந்தார்கள். அவர் தலையாட்டினார்.

வாட்ச்மேன் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா ஆயா, ஊட்டுக்காரர் துன்னுட்டு எழுந்தாதான் நீ எலை போடுவியா? அது முட்ச்சப்பறம் நீ, நீ முட்ச்சப்பறம் அது. ரோட்ல பாரு, வண்டி நிக்குது. நவுரு, நான் அடிக்கறேன்."

எழுந்து இடம் விட்டேன். அவர் இரண்டு விரலால் படபடவென்று அடித்தார். அவர் அனுப்பின அதே சமயத்தில், முந்தின லாரியைப் பற்றி ஆபீசிலிருந்தும் ஏதோ அனுப்பியிருக்கிறார்கள். அவர் அடித்த வரி அப்படியே நின்றது. புள்ளி வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அவர் பட்டனைத் தட்டினார். திரும்பத் தட்டினார்.

"இன்னா இது, பேஸ்து அட்ச்சா மாரி நிக்குது."

வெளியே ஹாரன். லாரி டிரைவர் தலையை நீட்டினார். "அண்ணாத்தே, கேட்ட தொற. பின்னால பஸ்காரன் திட்றான்."

"இருடா. கம்ப்யூட்டரு தூங்குது, எழுப்பிக்கினு கீறோம்."

ஆபீஸ் ஜன்னலில் மருமகள் எழுந்து நிற்பது தெரிந்தது. குனிந்தாள். எங்கள் திரை அணைந்து மறுபடி வந்தது. எனக்குப் போன் செய்து, அதையே திரும்ப அடிக்கச் சொல்லுங்கள் அத்தே என்றாள். அவர் அடித்தார். போனது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த லாரிக்கு மறுபடியும் நின்றுவிட்டது. மறுபடி எழுப்பினாள். மறுபடி நின்றது. வாட்ச்மேன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, எப்போதும் போல ஆபீசைப் பார்த்துக் கத்தினார். சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படிக்கு வந்தார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதன் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. ஆனால் நேற்று பகல் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்தவள் நான். நேற்று நடக்காத ஒன்று இன்று நடக்கிறது என்று மட்டும் தோன்றியது. என்ன அது? வாட்ச்மேன் யாருக்காகவும் நிற்கவில்லை. அதுதான். அவளிடமிருந்து வரும்போதே இவர் அடிக்கிறார்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மைதானத்தில் நடந்தேன். வெயில். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். யாரும் பார்க்காத பக்கமாக நடக்கிற பழக்கம் எனக்கு. அந்த மைதானத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லை.

ஆபீஸ் படியில் சார் குடோன் முதலாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார். புரியுது சார். ரோட்ல நிக்குதுதான்." மருமகள் அவருக்குப் பின்னால் நின்று, லேப்டாப் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் தரையில். அவள் வயரைச் சுற்ற ஆரம்பித்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மனசில் முடித்துவிட்டாள்.

அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றேன். "இந்தப் பொண்ணுக்கு வேலைல ரொம்ப நாள் கேப்பு சார், அதான் பிரச்சனை," என்றார். "நாளைக்கு வேற பையன..."

இவர் முடித்துவிட்டால் பிறகு நான் என்ன சொன்னாலும் பயன் இல்லை. சார் என்றேன், சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சார் என்றேன், அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசும்போதே நானும் பேசினேன். அவரைப் பார்க்கப் பயந்து மருமகளைப் பார்த்துப் பேசினேன்.

"யம்மா, ஊட்ல நான் நின்னு நின்னு அடிச்சேன். நீ முடிச்சப்பறம்தான் அடிச்சேன். அவர் நிக்கல. உன்னுது வரும்போதே அடிக்கறார். அப்பதான் மாட்டிக்குது."

சார் போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்னம்மா?" என்றார். நான் சுவர் பக்கம் ஒதுங்கினேன்.

மருமகள் வயர் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். "அத்தே, நேத்து ஒரு வாட்டிகூட நீங்க குறுக்க அடிக்கலியா?"

"இல்லியே."

"ஒரு வாட்டிகூட?"

"நீ சொல்லிகினு இருக்கும்போது நான் எப்படிமா சொல்லுவேன்."

அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் பார்வை என் மேல் இல்லை. பிறகு சார் பக்கம் திரும்பினாள். "சார், தெரிஞ்சிடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எழுதினா, ரெண்டும் புள்ளிக்காக நின்னுடுது. நிக்கறப்ப வர்றத படிக்கல. படிச்சாதான புள்ளி அனுப்பும். இது அதுக்காக நிக்குது, அது இதுக்காக நிக்குது. என் தப்புதான் சார். மாத்திடறேன். அந்த லாரி சரக்கு எறக்கற வரைக்கும் டைம் குடுங்க."

மூன்றாவது கதவில் ஒரு லாரி அட்டைப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தது. சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனில், "சார், நான் திரும்பக் கூப்பிடறேன்," என்றார். பிறகு அவளிடம், "லாரி காலியாச்சுன்னா நான் கெளம்பிடுவேம்மா," என்றார்.

அவள் படியிலேயே உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் முந்தானையால் வெயிலை மறைத்துப் பிடித்தேன். அவள் விரல் ஓடியது. சிவப்புச் சிவப்பாக வரிகள் வந்தன. சிவப்பு வந்தால் தப்பு என்று எனக்கும் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு அழித்தாள், மறுபடி எழுதினாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் லாரியைப் பார்த்தேன். அதுவும் தப்பாகப் போனது. ஒவ்வொரு பெட்டி இறங்கும்போதும் என் உயிர் ஒரு படி இறங்கியது. லாரியின் பின்பக்கத் தரை தெரிய ஆரம்பித்தது.

"இன்னாமா பண்றே?" என்று மெல்லக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் கை நிற்காமலே சொன்னாள். "ரெண்டு வேலைக்கும் ஒரே ஆள வெச்சிருந்தேன் அத்தே. எழுதிட்டு, பதில் வரட்டும்னு அங்கயே நிக்கறான். வர்றத யாரு வாங்கறது? இப்ப ரெண்டு ஆளு போடறேன். ஒருத்தன் படிச்சிகினே இருப்பான், ஒருத்தன் எழுதிகினே இருப்பான். பைப்பு அதே பைப்புதான்."

இறக்குகிறவர்களில் ஒருவர் லாரிக்குள் ஏறி மூலையில் இருந்த பெட்டிகளை முன்னால் தள்ளினார். சிவப்பு வரி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அவள் அதையே முறைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு எழுத்தை மாற்றினாள். சிவப்பு போயிற்று. எழுந்து கூண்டுக்கு ஓடி, அங்கிருந்த லேப்டாப்பிலும் அதை ஏற்றிவிட்டு, பின்னாலேயே வந்த என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இந்த வாட்டி எனக்காக நிக்காதீங்க அத்தே. நான் அடிக்க அடிக்க நீங்களும் அடிங்க. என்னுது வந்தாலும் அடிச்சிகினே இருங்க."

"வாட்ச்மேன் அடிக்கட்டுமே."

"அவர் வண்டிய செக் பண்ணப் போயிட்டார். நீங்கதான்."

அவள் ஆபீசுக்குத் திரும்பி ஓடினாள். சார் வந்து எனக்குப் பின்னால் நின்றார். அவர் சட்டையின் சென்ட் வாசனை வந்தது. என் முதுகு கூசியது.

திரையில் எழுத்து வந்தது: கதவு ஒண்ணு. உடனே என் கை தானாக மடிக்கு இறங்கிவிட்டது. கதவு ரெண்டு. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் சார், "அடிங்கம்மா," என்றார். கையைத் தூக்கினேன். கதவு மூணு என்று வந்தது, கை மறுபடி நின்றது. அத்தே நிக்காதீங்க என்று வந்தது. அதையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்கள்.

பிறகு திரையைப் பார்க்காமல் பட்டன்களை மட்டும் பார்த்தேன். அவள் கத்தரித்து ஒட்டிய வெள்ளைத் துண்டுகள். லாரி நம்பர் எதுவும் ஞாபகம் வரவில்லை. மனசில் வந்ததை அடித்தேன். வெயில் ஜாஸ்தி. பால் வாங்கணும். பாப்பா வந்துடும். காலில் கொலுசு மாதிரி பட்டன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுடையது வருகிறதா என்று பார்க்கவில்லை. கதவ பூட்டினேனா தெரியல. சாருக்கு பசிக்கும். எழுதினேன், எழுதினேன்.

நிமிர்ந்தபோது திரையில் அவளுடைய வரியும் என்னுடைய வரியும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சைப் புள்ளி. கடைசி வரிக்கு மட்டும் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அதற்கும் வந்தது.

சார் குனிந்து படித்தார். "பால் வாங்கணும்," என்று சத்தமாகப் படித்தார். "சாருக்கு பசிக்கும்." எனக்கு அந்தக் கூண்டுக்குள்ளேயே ஒரு கூண்டு இருந்தால் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் வாட்ச்மேனும் வந்துவிட்டார். அவரையும் அடிக்கச் சொன்னார் சார். அவர் தன் வேகத்தில் தட்டினார். அந்தப் பக்கமிருந்து மருமகளும் விடாமல் அனுப்பினாள். நிற்கவில்லை.

"ஆயா வாயத் தொறந்துச்சு, மெஷினும் தொறந்துக்கிச்சு," என்றார் வாட்ச்மேன்.

காலியான லாரி கேட்டைத் தாண்டிப் போனது. சார் கிளம்பவில்லை. போனைப் போட்டார். "சார், வேற பையன் வேணாம். இந்தப் பொண்ணே பாத்துக்கும்." மைதானத்தின் நடுவில் மருமகள் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்டிருக்காது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் அங்கேயே நின்று, வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்து லேப்டாப்பை எடுத்துப்போனான். அதற்கு முன்னால் ஒட்டின தாளை எல்லாம் தேங்காய் எண்ணெய் தொட்டு நானே உரித்தேன். ஒன்றிரண்டு வரவில்லை. இருந்தால் இருக்கட்டும் என்றான் அவன்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். சாயந்திரம் அம்பத்தூரிலிருந்து போன் செய்தாள். அத்தே என்றாள். அவள் மேலே சொல்லட்டும் என்று நான் நின்றேன். நான் ஏதாவது சொல்லட்டும் என்று அவளும் நின்றிருக்கிறாள். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாப்பா வந்துட்டாளா என்று அவள் கேட்டதும், பால் பொங்குதும்மா என்று நான் சொன்னதும் ஒரே நேரத்தில். இரண்டும் போய்ச் சேர்ந்தன.